குட்டியானையில் ஏறும் ரயில்: ஒரு நடமாடும் கண்காட்சி கட்டிய கதை

போன வாரம் எங்கள் கண்காட்சி ரயில், பள்ளிப் பயணம் முடிந்து பட்டறைக்குத் திரும்பியது. ஜன்னல் ஒன்றும் கீறவில்லை, நட்டு ஒன்றும் கழலவில்லை, பாய்லரில் ஒழுக்கு இல்லை. இதை எழுத இதுதான் நேரம்.

என்ன ரயில் என்று சொல்லிவிடுகிறேன். நாலு பெட்டி, முன்னால் ஓர் இன்ஜின். ஒவ்வொரு பெட்டியும் நாலடி நீளம், 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம். பெட்டிக்குள் காட்சிப்பொருள்கள், இன்ஜினில் நிஜமான நீராவி. பள்ளிக்கூட மைதானத்தில் தண்டவாளம் பரப்பி நிறுத்துவோம். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். 2007 முதல் 2017 வரை அறிவியல் எக்ஸ்பிரஸ் 16 பெட்டிகளோடு நாடு முழுக்கச் சுற்றியது ஞாபகம் இருக்கலாம். அது தண்டவாளத்தில் ஊர் ஊராகப் போனது. எங்களுடையது டாடா ஏஸில் போகும்.

ஆரம்பித்து வைத்தவர் என் தங்கை கணவர், வாலாஜா பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறார். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டருக்கு, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பம்பாய்–தாணே 1853, ஹௌரா–ஹூக்ளி 1854, அதற்கடுத்து நம்ம வட ஆற்காடுதான். "அந்த ஸ்டேஷன்ல தினமும் ரயில் ஏறுற பசங்களுக்கே இது தெரியல மச்சான்" என்றார். சரி, ஒரு சார்ட் எழுதி மாட்டுங்களேன் மாப்பிள்ளை என்றேன். சார்ட்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ராணிப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவனிடம் இப்படிக் கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் தண்டவாளம். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மி.மீ, பத்தில் ஒரு பங்கு என்றால் 168. 20×20 சதுரக் குழாய், 2 மி.மீ கனம், மூன்று நீளம் வாங்கினோம். எட்டடித் துண்டுகளாக வெட்டலாம் என்றுதான் முதலில் கணக்கு. டாடா ஏஸின் தொட்டியை அளந்து பார்த்தால் நீளம் ஏழடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆறடியாக வெட்டினோம். ஒரு குழாயில் மூன்று துண்டு வரும், இரண்டடி மிச்சம். நாலு வரிசை சேர்ந்தால் 24 அடிப் பாதை, ரயிலுக்குப் போதும்.

இணைப்புக்குக் குழாய்க்குள் 16 மி.மீ சதுரக் கட்டையைச் செருகினால் கச்சிதமாக உட்காரும் என்று தோன்றும். உட்காராது. குழாயின் உள்ளே ஒரு பக்கம் வெல்டிங் தையல் மேடாக ஓடும். கட்டையை 15க்கு இழைத்து, அந்தத் தையல் வரும் மூலையை மட்டும் அரத்தால் மழுக்கிய பிறகு போனது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் ஸ்லீப்பருக்கு மீந்த பிளைவுட். 168க்கு ஒரு மரக்கட்டை வெட்டி வைத்துக்கொண்டு, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் அதை வைத்து வைத்துத் திருகினோம். இந்த ஒரு கட்டை இல்லாவிட்டால் பாதை பாம்பாகிவிடும்.

சக்கரம் நைலான் ராடில் கடைந்தது, 100 மி.மீ விட்டம், உள்ளே 6202 பேரிங். நிஜ ரயில் சக்கரத்தின் ஓடும் பரப்பு தட்டையாக இருக்காது; இருபதுக்கு ஒன்று சரிவு இருக்கும். அதையே கொடுத்தேன். கையால் தள்ளும் ரயிலுக்கு அது தேவையே இல்லை. இருந்தாலும் லேத்தில் கத்தி பிடிக்கும் டாப் ஸ்லைடைத் திருப்பி வைக்க ஒரு நிமிஷம்தானே.

பெட்டி 12 மி.மீ பிளைவுட், கூரை மட்டும் 4 மி.மீ, வளைத்து ஆணி அடித்தது. ஜன்னலுக்கு முதலில் 4 மி.மீ கண்ணாடி போட்டு மர பீடிங் அடித்தோம். பட்டறையில் நிற்கும்போது பார்க்க அருமையாக இருந்தது. முதல் பயணத்தில், ஊருக்குள் திரும்பிய பிறகு வந்த மண் ரோட்டில் இரண்டு கண்ணாடி மூலையிலிருந்து விரிசல் விட்டது. பீடிங் ஆணிகள் பாதி வெளியே வந்திருந்தன. கண்ணாடி உடைந்தது குலுக்கலால் மட்டும் இல்லை, ஆணி இறுக்கிப் பிடித்த இடத்தில் அசைய வழியில்லாததால். அக்ரிலிக்குக்கு மாறினோம், 4 மி.மீ. அதையும் இறுக்கிப் பிடிக்காமல், பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஜன்னலுக்குப் போடுவார்களே, அந்த ரப்பர் சேனலில் உட்கார வைத்தோம். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. அக்ரிலிக்கில் ஒரு தொல்லை உண்டு: காய்ந்த துணியால் துடைத்தால் கீறும், துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும். ஈரத் துணியோடு ஒரு சொட்டு பாத்திர சோப்பு. இதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கிறோம், ஏனென்றால் துடைக்க ஆர்வமாக வருபவர்கள் எப்போதும் காய்ந்த துணியோடுதான் வருகிறார்கள்.

பெட்டிக்குள் இருப்பவை பெரிதாக ஒன்றுமில்லை. முதல் பெட்டியில் ராயபுரம் முதல் வாலாஜா ரோடு வரையிலான பாதை வரைபடம். அடுத்ததில் கைவிளக்கு, கெட்டி அட்டை டிக்கெட்டுகள், டோக்கன் வளையம். மூன்றாவதில் மீட்டர் கேஜாக இருந்த விழுப்புரம்–காட்பாடி பாதை. கடைசியில் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன ரயில்: 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர். இந்தக் கடைசிப் பெட்டியில் ஊர்ப் பெரியவர்கள்தான் அதிகம் நிற்கிறார்கள். "நம்ம தண்ணி" என்று ஆரம்பித்தால் ஆசிரியர் வந்து கூட்டத்தை நகர்த்த வேண்டியிருக்கிறது.

பொருள்களை ஒட்டி வைப்பதா, கட்டி வைப்பதா என்பதில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் நிறைய வாக்குவாதம். ஒட்டினால் பழைய டிக்கெட் போச்சு. கடைசியில் டிக்கெட்டுகளுக்குப் பழைய போட்டோ ஆல்பம் மாதிரி நாலு மூலையிலும் காகித உறை, கனமான பொருள்களுக்குத் தங்கூஸ் நரம்பு. விளக்கை இரண்டு இடத்தில் கட்டினால் ஆடுகிறது. மூன்று இடத்தில் கட்டி, அடியில் ஃபெல்ட் வைத்தால் நிற்கிறது. தங்கூஸ் முடிச்சு குலுக்கலில் தானே அவிழும். முடிச்சின் மேல் ஒரு துளி நகப்பாலிஷ்.

இனி இன்ஜின். இதில்தான் நேரம் போனது, சந்தோஷமும் இதில்தான்.

ஒரு பள்ளியின் பௌதிக ஆய்வகப் பீரோவில் பழைய பித்தளை ஆவி இன்ஜின் மாதிரி ஒன்று கிடந்தது. அரை அங்குல சிலிண்டர், ஓர் அங்குல ஸ்ட்ரோக், சிலிண்டரே ஆடி ஆடி ஆவியை வாங்கி விடும் வகை. தனி வால்வு கிடையாது. ஃப்ளைவீல் துருப்பிடித்து இறுகிவிட்டது. பாய்லருக்குள் வெள்ளையாகப் பாறை கட்டியிருந்தது. நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்தால் வேறென்ன ஆகும்?

எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற வைத்தேன். உள்ளே இருந்த உப்புப் படிவு நுரைத்துக் கரைந்தது. பித்தளையை இதில் அதிக நேரம் விடக்கூடாது; துத்தநாகம் கரைந்து மேல்பரப்பு இளஞ்சிவப்பாகிவிடும். வெளிப்பக்கத்துக்குப் புளியே போதும், வீட்டில் குத்துவிளக்குக்குச் செய்வதுதான். சிலிண்டர் உரசும் முகத்தில் கோடு கோடாகத் தேய்மானம். உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டைத் தட்டையாக வைத்து, அதன் மேல் 1200 நம்பர் வாட்டர் பேப்பர், சிலிண்டரை எட்டு எழுதுவதுபோல் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தேன். பிஸ்டனுக்குக் கிராஃபைட் பூசிய பேக்கிங் கயிற்றில் ஒரு இழை. ஏர் கம்ப்ரஸரில் மெல்லக் காற்றுக் கொடுத்ததும் டப் டப்பென்று ஓட ஆரம்பித்தது.

பெரியப்பா ஜோலார்பேட்டையில் ஃபயர்மேனாக இருந்தவர், டபிள்யூஜி என்ற சரக்கு ரயில் இன்ஜின்களில் கரி அள்ளியவர். காற்றில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இது என்னடா, காத்துல எதுவும்தான் ஓடும். பாய்லரை டெஸ்ட் பண்ணியா?" என்றார்.

பிளம்பர்கள் குழாய் சோதிக்க வைத்திருக்கும் கை பம்பை வாடகைக்கு எடுத்தேன். ஓட்டப்போவது (சதுர சென்டிமீட்டருக்கு) 1.5 கிலோ அழுத்தம் என்றால் சோதனை அதன் இரட்டிப்பு, 3 கிலோ. தண்ணீரை முழுக்க நிரப்பித்தான் செய்ய வேண்டும், காற்றை வைத்துச் செய்யவே கூடாது. தண்ணீர் நிரம்பிய பாய்லர் பிளந்தால் ஒரு சொட்டு தெறிக்கும். காற்று நிரம்பியது பிளந்தால் தகடு பறக்கும். முள் 2 கிலோவைத் தொடும் முன்பே பழைய பாய்லரின் முகப்புத் தகடு வெளியே புடைக்க ஆரம்பித்தது, நீர் ஊற்றும் மூடியின் அடியில் கசிவு. கையை நிறுத்திவிட்டேன்.

கசிந்த இடத்தை மட்டும் சில்வர் ராடு (வெள்ளி கலந்த பற்றுக்கம்பி) வைத்துப் பற்றவைத்து விடலாமே என்று ஆசை. முடியாது. அது முழுக்க ஈயப்பற்று போட்ட பாய்லர். ஈயப்பற்று சுமார் 183 டிகிரியில் இளகும். சில்வர் ராடு ஓட 600க்கு மேல் வேண்டும். ஒன்றைச் சரி செய்யப் போனால் மற்ற எல்லா மூட்டும் அவிழ்ந்துவிடும், ஈயம் பட்ட இடத்தில் வெள்ளியும் ஒட்டாது. பழைய பாய்லரைத் துடைத்து இரண்டாம் பெட்டியில் காட்சிக்கு வைத்துவிட்டு, புதிதாக ஒன்று கட்ட முடிவு செய்தோம்.

வேலூரில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் லைன் போடுபவர்களிடம் 54 மி.மீ தாமிரக் குழாய் மீதித் துண்டுகளாகக் கிடைக்கும். எட்டு அங்குலம் வாங்கினேன். கொள்ளளவு 400 மில்லிக்குச் சற்று அதிகம். இரண்டு பக்கமும் 3 மி.மீ தாமிரத் தட்டு, தட்டுகள் புடைக்காமலிருக்க நடுவே ஒரு ஸ்டே ராடு. பற்றவைத்துக் கொடுத்தவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். முதலில் ராடு உருண்டு உருண்டு நின்றதே தவிர ஓடவில்லை. தாமிரம் சூட்டை இழுத்து எங்கோ அனுப்பிவிடும். சுற்றிலும் ஃபயர் பிரிக் அடுக்கி, மொத்த பாய்லரையும் மங்கிய சிவப்புக்குக் கொண்டு வந்த பிறகு ராடைத் தொட்டார். ஒரு நொடியில் வெள்ளிக் கோடு மூட்டைச் சுற்றி ஓடி முடிந்தது. அதைப் பார்க்கவே இன்னொரு பாய்லர் கட்டலாம்.

3 கிலோ சோதனையில் கால் மணி நேரம் முள் அசையவில்லை. பெரியப்பா முன்னும் பின்னும் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார்.

சேஃப்டி வால்வு ஒரு ஸ்டீல் குண்டும் ஸ்பிரிங்கும். கேஜைப் பார்த்து 1.5இல் திறக்க வைத்தேன். நீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை முதலில் 4 மி.மீயில் போட்டோம். அவ்வளவு மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறி நிற்கும், குமிழும் மாட்டிக்கொள்ளும். பாய்லரில் தண்ணீர் குறைந்தாலும் கண்ணாடி நிறைந்தே காட்டியது. 6 மி.மீ ஆய்வகக் கண்ணாடிக் குழாய் போட்டதும் உண்மை சொல்ல ஆரம்பித்தது. "முதல்ல தண்ணிக் கண்ணாடியைப் பாரு, அப்புறம் நெருப்பைப் பாரு" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். பெரிய இன்ஜின்களில் ஃபயர்பாக்ஸ் உச்சியில் லெட் பிளக் இருக்கும். தண்ணீர் இறங்கி அந்த உச்சி காய்ந்தால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாயும். பிளக் உருகும்படி விட்ட ஃபயர்மேனின் கதி என்ன என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

எரிபொருளுக்கு ஸ்பிரிட் சுலபமாகக் கிடைக்கவில்லை. சூடம் ஏற்றிப் பார்த்தோம். ஆவி வந்தது, கூடவே இன்ஜின், கை, சட்டை எல்லாம் கரி. இப்போது சிறிய பியூட்டேன் கேஸ் டார்ச், காற்று மறைக்கத் தகர உறை. ஆறடி தள்ளிச் சங்கிலி கட்டி, டார்ச் பக்கம் நான் மட்டும். 300 மில்லி தண்ணீர் ஊற்றினால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடும். தண்ணீர், பட்டறை பக்கத்து அலுவலகத்து ஏசியிலிருந்து சொட்டுவது; கேனில் பிடித்து வைக்கிறோம். மோட்டார் ஆயில் ஆவியோடு சேர்ந்து வெள்ளைக் களிம்பாகிவிடும் என்பதால் ஸ்டீம் சிலிண்டர் ஆயில் வேண்டும். சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் நண்பர் அரை பாட்டில் கொடுத்தார். அது எங்களுக்குப் பல வருஷம் வரும்.

இந்த இன்ஜின் நாலு பெட்டியை இழுக்குமா? இழுக்காது. இன்ஜினைத் தண்டவாளத்திலிருந்து கால் அங்குலம் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை மட்டும் சுற்ற விடுகிறோம். பிள்ளைகளிடம் அதை மறைப்பதில்லை. 1855இல் லீட்ஸில் கட்டிய இஐஆர் 21 என்ற நீராவி இன்ஜின் நூறு வருஷத்துக்கு மேல் வெறும் காட்சிப்பொருளாக நின்றுவிட்டு, 2010இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் மறுபடி ஓடத் தயாரானது என்று மாப்பிள்ளை சொல்லும்போது, எங்கள் இன்ஜினிலும் பாதி புதுசு, பாதி பழசு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

விசிலில் மானம் போனது. பித்தளையில் இரண்டு அங்குல விசில் கடைந்து, ஆவியில் ஊதவிட்டதும் முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை, "ஐயே, குக்கர்!" என்றாள். நீளமான விசில் போட்டால் குரல் தணியும், ஆனால் மொத்த ஆவியையும் அதுவே குடித்துவிடும். ஆவியை விட்டுவிட்டு முக்கால் அங்குல பிவிசி குழாயில் மூன்று விசில், 30, 24, 20 சென்டிமீட்டர், காலால் மிதிக்கும் காற்றுப் பம்பில் ஊத வைத்தோம். மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது ரயில் வருகிறது. மிதிக்க வரிசை நிற்கிறது, நாங்கள் பம்பின் வாஷரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

காட்சி நாளில் தெரியவந்த முதல் விஷயம், பெட்டி கவிழும். 168 மி.மீ பாதையின் மேல் 14 அங்குலப் பெட்டி. ஒரு பையன் முழங்கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தான், பெட்டி சாய்ந்தது. பக்கத்தில் நின்ற ஆசிரியை பிடித்துவிட்டார். அடியில் இரும்புத் தகடு வைத்து எடை ஏற்றிப் பார்த்தோம். தூக்கும் ஆள்களுக்கு இடுப்பு போனதே தவிரப் பலன் போதவில்லை. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஆங்கிளில் இரண்டு மடக்குக் கால்கள். நிறுத்தியதும் பக்கவாட்டில் விரித்துத் தரையில் ஊன்றிவிடுவோம். மைதானம் எங்கும் சமமாக இருக்காது, அதனால் ரசமட்டமும் ஒரு பை நிறைய மர ஆப்பும் கட்டாயம்.

சாதாரண நட்டு எல்லாம் கழன்றது. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டுக்கு மாறினோம். பிளைவுட்டில் நேரடியாக ஏற்றிய ஸ்க்ரூக்கள் துளையைப் பெரிதாக்கிக்கொண்டன. அந்த இடங்களிலெல்லாம் ஊடுருவிப் போகும் போல்ட், இருபுறமும் அகல வாஷர். பெட்டிகளைத் தொட்டியில் குறுக்காக அடுக்கினால் நாலும் நிற்கும், இடையில் பழைய மெத்தைப் பஞ்சு. கயிறு பெட்டியின் மேல் படக்கூடாது, அடிச்சட்டத்தில்தான் கட்ட வேண்டும். கூரை மேல் கயிறு போட்டு இழுத்த பயணத்தில் ஒரு கூரை நடுவில் குழிந்தது.

இவ்வளவு செய்து, பிள்ளைகள் அதிக நேரம் நின்றது பெட்டிகளுக்கு வெளியே. தரையில் இரண்டு மூங்கில் வைத்தோம், ஒன்று 1676 மி.மீ, இன்னொன்று 1000. அகலப்பாதைக்கும் மீட்டர் கேஜுக்கும் நிஜ அளவு. பக்கத்தில் படுத்துப் பார்க்கச் சொன்னோம். ஆறாம் வகுப்பில் யாரும் அகலப்பாதையை எட்டவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மீட்டர் கேஜைத் தாண்டிக் கால் நீட்டினார்கள். பி.டி. மாஸ்டர் எட்டினார், கைதட்டல்.

இன்னொன்று டோக்கன் வளையம். டோக்கன் என்பது பாதையில் போக அனுமதி; ஒற்றைப் பாதையில் அது கையில் இல்லாமல் அப்போதெல்லாம் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. நிற்காத ரயிலில், பிரம்பு வளையத்தில் கட்டிய தோல் பையாக அதை நீட்டுவார்கள். இன்ஜினிலிருந்து கையை விட்டு வாங்க வேண்டும். பெரியப்பா ஒரு ஸ்டூலில் ஏறி நின்று செய்து காட்டினார். விரலால் பிடிக்கப் போகக் கூடாது. முழங்கையை மடக்கி, கையை வளையத்துக்குள் விட்டு, அது தோள் வரை வழுக்கிப் போக விட வேண்டும். "விரலால புடிச்சா விரல் போயிடும் கண்ணு." பிள்ளைகள் ஓடிவந்து வாங்க, இன்னொருவர் நீட்ட, மைதானத்தில் ஒரே புழுதி. வளையம் இரண்டு உடைந்தது. பிரம்பு ஊற வைத்து வளைத்தது அது. இப்போது அரை அங்குல பிவிசி ஹோஸ்.

செலவு 31,000 ரூபாயைத் தாண்டியது, என் லேத் கூலி சேர்க்காமல். பிளைவுட், அக்ரிலிக், நைலான் ராடு மூன்றும் சேர்ந்தே பாதிக்கு அருகில். வீணான கண்ணாடி 1,900. பாய்லர் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை: சில்வர் ராடும் கூலியும் 1,400, பிரஷர் கேஜ் 450. வண்டி வாடகையைப் போகிற பள்ளி ஏற்றுக்கொள்கிறது.

மறுபடி செய்தால் பெட்டியை மூன்றடியாக்குவேன். நாலடிப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிகிறது, வகுப்பறை வாசலில் திரும்பவும் மாட்டேன் என்கிறது. ஜன்னல் உயரத்தையும் குறைக்க வேண்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. தண்ணீர் ரயில் பெட்டியை மாற்றி, நிஜமாகவே ஒரு சின்ன டேங்கர் வேகன் செய்யச் சொல்கிறார் மாப்பிள்ளை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்படி. தண்ணீரோடு குட்டியானையில் ஏற்றினால் ததும்பும், காலியாக ஏற்றினால் போகிற ஊரில் நிரப்ப வேண்டும், கோடையில் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறேன். உள்ளே தடுப்புத் தகடு வைத்து 20 லிட்டர் கேன் ஒன்றை மறைத்துவிடலாம் என்று பெரியப்பா ஒரு படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். குடியாத்தம் பக்கத்து பள்ளி ஒன்று கேட்டிருக்கிறது. அதற்குள் அது முடியாது. மூன்றாம் பெட்டியின் கொக்கியும் விசில் பம்பின் வாஷரும் மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்புவோம்.